சந்துக்குள் லாரி: உரசாமல் உள்ளே போய், உரசாமல் வெளியே வருவது எப்படி

நாக்பூரில் பருப்பு ஏற்றிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒரு கீறல் இல்லாமல் வந்த வண்டி, செவ்வாய்ப்பேட்டைக்குள் நுழைந்து கடைசி ஐம்பது மீட்டரில் டெயில் லைட்டை உடைத்துக்கொள்ளும். சேலத்தில் லாரித் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பெரிய விபத்து ஹைவேயில் நடக்கிறது. சின்ன உரசல் எல்லாம் லீ பஜார் சந்திலும், குடோன் கேட்டிலும், எடைமேடையிலும், பெட்ரோல் பங்கிலும், ஏற்காட்டு எஸ்டேட் வாசலிலும்தான் நடக்கிறது.

நான் சங்ககிரிக்காரன். பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் இரண்டும் ஓட்டியவன். ஆந்திரா அரிசியும் மகாராஷ்டிரா பருப்பும் கொண்டுவந்து மண்டியில் இறக்குவது, இங்கிருந்து ஜவ்வரிசி ஏற்றி அந்தப் பக்கம் போவது என்று ஓடிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு யார்டில் புதுசாக டாரஸ் (பத்துச் சக்கரத்துக்கு மேல் உள்ள பெரிய லாரி) ஏறும் தம்பிகளுக்கு வண்டி திருப்பப் பழக்குகிறேன். அவர்களிடம் முதல் நாளே சொல்வது இது: கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள் சக்கரம் உருளக் கூடாது. தெரியவில்லையென்றால் நிறுத்து, இறங்கிப் பார், இல்லை ஆளை நிறுத்திக் கேள். கீழே நான் எழுதுவது எல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் உன் வண்டியை அளந்து வை

டேப் எடுத்து அளக்க வேண்டும். பாடி அகலம் எட்டரை அடி வரை இருக்கும். ஆனால் சந்துக்குள் நுழையும்போது கணக்கில் வரவேண்டியது இந்தக் கண்ணாடி முனையில் இருந்து அந்தக் கண்ணாடி முனை வரை உள்ள அகலம். அது பாடியைவிட நன்றாகவே அதிகம். தார்ப்பாய்க் கயிறு மாட்டும் கொக்கிகள் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து அள.

அப்புறம் உயரம். இது ஒரே அளவாக நிற்காது. லோடு ஏற்றி தார்ப்பாய் கட்டியதும் ஒரு உயரம், காலியாக ஒரு உயரம். மூட்டையை மேலே ஒரு வரிசை கூடுதலாக அடுக்கியிருந்தால் இன்னொன்று. லோடு கட்டி முடித்ததும் கிளீனரை ஒரு நீளக் கம்பு பிடிக்கச் சொல்லி அளந்து, சாக்பீஸால் கேபினுக்குள் டேஷ்போர்டில் எழுதி வைத்துவிடு. அடுத்த லோடுக்கு அழித்து எழுது. கடை சன்ஷேடும் பெயர்ப் பலகையும் தொங்கும் கேபிளும் உள்ள தெருவில் இந்த ஒரு எண்தான் உன்னைக் காப்பாற்றும்.

மூன்றாவது, பின் ஆக்சிலுக்குப் பின்னால் பாடி எத்தனை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. இதைப் பெரும்பாலான டிரைவர்கள் அளந்ததே இல்லை. விதிப்படி இந்த நீட்டம் வீல்பேஸில், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் உள்ள தூரத்தில், 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 60 சதவீதம் என்பதே எவ்வளவு நீளம் என்று இறங்கி நின்று பார்த்தால்தான் தெரியும்.

பின்சக்கரம் உள்ளே இழுக்கும், பின்மூலை வெளியே வீசும்

திரும்பும்போது நடப்பது இரண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும், எதிரெதிர்ப் பக்கத்தில் நடக்கும். அதனால்தான் புதுசாக வருகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றில் இடிக்கிறார்கள்.

ஒன்று, பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, வளைவின் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வரும். எவ்வளவு? 5.6 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டி, முன்சக்கரம் 11 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், பின்சக்கரம் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உள்ளே வரும். அதாவது ஐந்தடி. உன் கேபின் முனைக் கடையைத் தாண்டிவிட்டது என்று நீ நினைக்கும்போது பின்சக்கரம் அந்தக் கடைப் படியில் ஏறப்போகிறது.

செவ்வாய்ப்பேட்டை மாதிரிப் பழைய தெருக்களில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓரத்தில் சாக்கடை, அதன்மேல் கல்பலகை. நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 2018-க்குப் பிறகு 11.5 டன் வரை அனுமதி. அதில் பாதி எடை அந்தப் பலகையில் ஏறினாலே பலகை உடையும், சக்கரம் இறங்கும், வண்டி சாய்ந்து சுவரில் பாடி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் லோடை இறக்காமல் அந்த வண்டியை எடுக்க முடியாது. அதனால் முனையில் பார்க்கவேண்டியது சுவரை மட்டும் இல்லை, சுவருக்கு முன்னால் தரை என்னவாக இருக்கிறது என்பதையும்தான்.

இரண்டாவது, பின்மூலை வீசுவது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் முழுதாக ஒடித்தால் (திருப்பினால்) இடப்பக்கப் பின்மூலை இடப்பக்கம் வெளியே போகும். மூன்று மீட்டர் நீட்டம் உள்ள வண்டியில் முழு ஒடிப்பில் இது ஒன்றரை அடி வரைக்கும் போகும். சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி லோடு இறக்கிவிட்டுக் கிளம்பும்போதுதான் பெரும்பாலும் இந்த உரசல் வருகிறது. டிரைவர் வலப்பக்கம் ஒடித்து ரோட்டுக்கு வருகிறார். கண் முழுக்க முன்னால் வரும் ஆட்டோவில் இருக்கும். பின்னால் இடப்பக்கம் பாடி மூலை கடைத் தூணை உரசிக்கொண்டு போகும்.

ஒரு விடியற்காலை லீ பஜாரில் இதை மிகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பருப்பு இறக்கிய ஒரு காலி வண்டி. டிரைவர் தம்பி நல்ல பையன், கண்ணாடி பார்த்தான், ஹாரன் அடித்தான், மெதுவாகத்தான் எடுத்தான். ஆனால் நின்ற இடத்திலேயே முழுதாக ஒடித்து எடுத்தான். பின்மூலை ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லைத் தொட்டது. எக்ஸெல் விழவில்லை, சாய்ந்தது. அதன் ஹேண்டில் பாரில் பாடியின் கயிற்றுக் கொக்கி மாட்டிக்கொண்டது. அவனுக்கு உள்ளே எதுவும் கேட்கவில்லை. காலி வண்டியின் தகர அதிர்வில் என்ன கேட்கும்? பத்தடி இழுத்துக்கொண்டு போன பிறகுதான் ஒரு லோடுமேன் கேபின் கதவைத் தட்டி நிறுத்தினார். அந்த வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைத் தவிர்க்க வழி எளிது. பக்கத்தில் எது இருந்தாலும் முதலில் நேராக முன்னே எடு. பின்மூலை அந்தத் தூணையோ வண்டியையோ தாண்டிய பிறகு ஒடி. முன்னால் அவ்வளவு இடம் இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஒடி, முழு ஒடிப்பு வேண்டாம். ஒடிக்கும் பக்கக் கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பார், உடனே எதிர்ப்பக்கக் கண்ணாடியில் பின்மூலையைப் பார், திரும்ப இந்தப் பக்கம். ஒரே கண்ணாடியில் கண்ணை நட்டு வைக்காதே.

இடப்பக்கம் திரும்பும்போது ஒரு கூடுதல் எச்சரிக்கை. பின்சக்கரத்துக்கு இடம் வேண்டும் என்று பல பேர் முன்கூட்டியே வண்டியை வலப்பக்கம் அகலமாக எடுப்பார்கள். உடனே இடப்பக்கம் திறந்த இடத்தில் இரண்டு பைக் நுழைந்துவிடும். அவர்களுக்கு நீ வலப்பக்கம் போவதாகத்தான் தோன்றும். இடப்பக்கத்தை ஒட்டியே நேராக உள்ளே போ, முனையைத் தாண்டிக் கேபினை நன்றாக முன்னே விட்டு அப்புறம் ஒடி. தெரு அதற்கு இடம் தராவிட்டால் கிளீனர் கீழே இறங்கி இடப்பக்கத்தை மறித்து நிற்க வேண்டும். இண்டிகேட்டரை மட்டும் நம்ப முடியாது.

இறங்கிப் பார்

புதுத் தெரு, புது குடோன் என்றால் வண்டியை மெயின் ரோட்டிலேயே ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பார்த்து வா. நேரம் போகிறது என்று யாராவது கத்தினால் கத்தட்டும். உள்ளே போய் மாட்டிக்கொண்டால் போகிற நேரம் இதைவிட அதிகம்.

நடக்கும்போது மேலே பார்த்துக்கொண்டே ஒரு தடவை, கீழே பார்த்துக்கொண்டே ஒரு தடவை நட. மேலே: மின்கம்பி, கேபிள், சன்ஷேட், கிளை, கோயில் பண்டிகைக்குக் கட்டிய தோரணம், பந்தல் கால். கீழே: பலகை, குழி, கேட்டின் தரைத் தண்டவாளம், மண் குவியல், கேட் நடுவில் நட்டிருக்கும் தாழ்ப்பாள் கல். அந்தக் கல் சின்னதுதான், ஏர் டேங்கையும் பைப்பையும் அதுதான் பதம் பார்க்கும். கடைசியாக வெளியே எப்படி வருவது என்பதையும் அங்கேயே நின்று தீர்மானித்துவிடு. உள்ளே திருப்ப இடம் இல்லையென்றால் ரிவர்ஸில் உள்ளே போய் முன்புறமாக வெளியே வருவதுதான் நல்லது. காலையில் நெரிசல் இல்லாத தெருவில் ரிவர்ஸ் எடுப்பதும், மதியம் கூட்டத்துக்குள் ரிவர்ஸில் வெளியே வருவதும் ஒன்றாகாது.

ரிவர்ஸ்: கிளீனரும் டிரைவரும்

இதில்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இப்போது பல வண்டிகளில் கிளீனரே இல்லை. முதலாளிக்குச் சம்பளம் மிச்சம், ஆள் கிடைப்பதும் கஷ்டம், இரண்டும் உண்மைதான். ஆனால் நீளமான வண்டியை ஒற்றை ஆளாகச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கச் சொல்வது நியாயம் இல்லை. கிளீனர் இல்லாமல் ஓடும் வண்டிகளுக்கு, இறக்கும் இடத்தில் ஒரு ஆளை நிறுத்தித் தருவது மண்டிக்காரர் பொறுப்பு என்று லோடு பேசும்போதே பேசிவிட வேண்டும்.

ஆள் இருந்தால் மட்டும் போதாது. ரிவர்ஸ் போடுவதற்கு முன்னால் இரண்டு பேரும் அரை நிமிடம் பேசிக்கொள்ள வேண்டும். எங்கே நிறுத்தப் போகிறோம், எந்தப் பக்கம் இடம் குறைவு, அவன் எங்கே நிற்பான், எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம். எங்கள் பக்கம் "வரட்டும்" என்றால் நேராக வா, "ரைட்ல ஒடி", "லெஃப்ட்ல ஒடி", "நேர் பண்ணு", "ஓல்டேன்" என்றால் அந்த நொடியே நிறுத்து. பாடியில் தட்டுவது என்றால் ஒரு தட்டு நிறுத்து, இரண்டு தட்டு போ. வேறு ஊர்க் கிளீனர் புதுசாக ஏறியிருந்தால் அவன் பழக்கம் வேறாக இருக்கலாம், முதல் நாளே கேட்டுக்கொள்.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விதிகள் சில. "வா" என்று சொல்லும் உரிமை ஒரே ஆளுக்குத்தான். மண்டி வாசலில் நாலு லோடுமேன், கடைக் கணக்குப்பிள்ளை, பக்கத்துக் கடைக்காரர் எல்லோரும் சேர்ந்து "வா வா வா" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் நிற்கும் இடத்தில் இருந்து அவர்கள் பக்கம் மட்டும்தான் தெரியும். அதைக் காதில் வாங்காதே. ஆனால் "நிறுத்து" என்று யார் சொன்னாலும் நிறுத்து. சின்னப் பையன் சொன்னாலும் நிறுத்து. ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கிளீனர் நிற்கவேண்டிய இடம், டிரைவர் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடம். வலப்பக்கம், பின்மூலைக்குக் கொஞ்சம் வெளியே. வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் எந்தக் காரணத்துக்கும் போகக் கூடாது. இடப்பக்கம் பார்க்க வேண்டுமானால் முதலில் "ஓல்டேன்" சொல்லி வண்டியை நிறுத்திவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு, திரும்பவும் கண்ணாடிக்குள் வந்து நின்று அப்புறம் "வரட்டும்" சொல்ல வேண்டும். கண்ணாடியில் கிளீனர் மறைந்த நொடியில் உன் கால் பிரேக்கில் இருக்க வேண்டும். குரல் கேட்கிறதே என்று உருட்டாதே. குரல் எங்கிருந்து வருகிறது என்று கேபினுக்குள் இருந்து தெரியாது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது மெதுவாகத்தான் தோன்றும், ஆனால் அது ஒரு வினாடிக்கு 1.4 மீட்டர், கிட்டத்தட்ட நாலரை அடி. "ஓல்டேன்" என்று அவன் சொல்லி, உன் காதில் விழுந்து, கால் அழுத்தி, ஏர் பிரேக் பிடிக்க ஒரு வினாடி போய்விடும். நாலரை அடி தூரத்தில் சுவர் இருந்தால் முடிந்தது கதை. அதனால் ஆக்சிலேட்டரைத் தொடாமல், கிளட்சில் ஓட்டு. ஜன்னல் இரண்டும் கீழே இருக்கட்டும், பாட்டு நிற்கட்டும், போன் டேஷ்போர்டை விட்டுப் போகட்டும். அடிக்கடி பிரேக் அழுத்திக்கொண்டே திருப்பும்போது ஏர் பிரஷர் இறங்கும், மீட்டரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள். பஸ்ஸர் அடித்தால் ஏர் ஏறும் வரைக்கும் நின்றுகொள்.

எந்தப் பக்கமாக ரிவர்ஸ் எடுப்பது என்பது உன் கையில் இருந்தால், எப்போதும் வலப்பக்கமாக எடு. கேட் உன் வலப்பக்கம் வருமாறு தெருவுக்குள் வா. அந்தப் பக்கம்தான் ஜன்னலில் தலையை நீட்டிப் பின்சக்கரத்தை நேரடியாகப் பார்க்க முடியும். இடப்பக்க ரிவர்ஸில் கண்ணாடி காட்டுவதை மட்டும் நம்ப வேண்டும், வண்டி ஒடிந்ததும் கண்ணாடியில் பாடிப் பலகை தவிர வேறு எதுவும் தெரியாது. இதற்காகத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருந்தாலும் சுற்றி வா.

கேட்டைத் தாண்டி முன்னே போய், மூக்கை இடப்பக்கம் சாய்த்து நிறுத்து. அப்போது பின்புறம் கேட்டைப் பார்த்து நிற்கும், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ரிவர்ஸில் வலப்பக்கம் ஒடிக்கும்போது உன் இடப்பக்க முன்மூலை, பம்பரும் கண்ணாடியும் இருக்கும் மூலை, தெருவின் எதிர்ப்பக்கம் அகலமாகச் சுற்றி வரும். எல்லோரும் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிர்ச் சுவர்ப் பக்கம் நிற்கும் கார் கதவு நசுங்குவது இதில்தான். இரண்டு ஆள் இருந்தால் ஒரு ஆளை முன்னால் நிறுத்து, ஆனால் அவர் "நிறுத்து" மட்டும்தான் சொல்லலாம்.

பாதியில் கோணம் சரியில்லை என்று தோன்றினால் உடனே முன்னே எடுத்து நேர் பண்ணிக்கொள். இதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள்தான் கேட் தூணில் பெயிண்டை விட்டுவிட்டு வருகிறார்கள். எனக்குத் தெரிந்த நல்ல டிரைவர்கள் எல்லோரும், வெளியே நின்று எத்தனை பேர் வேடிக்கை பார்த்தாலும், முன்னே எடுத்துத் திரும்ப வருகிறவர்கள்.

கேமரா மாட்டியிருக்கும் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. கேமரா நல்லதுதான், மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அது பின்னால் தரையைக் காட்டும். மேலே சன்ஷேடைக் காட்டாது, முன்மூலையைக் காட்டாது. லென்ஸில் ஹைவே தூசி படிந்திருக்கும், ரிவர்ஸ் போடுவதற்கு முன்னால் துணியால் ஒரு துடை.

இரவில் கேபின் லைட்டை அணைத்துவிடு, இல்லாவிட்டால் கண்ணாடியில் உன் முகம்தான் தெரியும். கிளீனர் கையில் இருக்கும் டார்ச் சுவரின் மேலோ தூணின் மேலோ அடிக்கட்டும், உன் கண்ணாடிக்குள் அடிக்கக் கூடாது.

குடோன் வாசலில்

பின்கதவைத் திறக்காமல் பிளாட்பாரத்தில் ஒட்டிவிட்டால் அப்புறம் திறக்க முடியாது. அதற்காகப் பாதித் தூரத்தில் திறந்து, கொக்கி மாட்டாமல் ரிவர்ஸ் எடுப்பார்கள். கதவு ஆடி தூணில் அடிக்கும், இல்லை ஆள் மேல் அடிக்கும். திறந்தால் இரண்டு கதவையும் பாடியோடு சேர்த்து மாட்டிவிட்டு, கதவின் கனம் இரண்டு பக்கமும் கூடியிருக்கிறது என்பதை நினைவில் வைத்து எடு.

ஒரே குடோனுக்கு அடிக்கடி லோடு வருகிறதென்றால் குடோன்காரர்களிடம் கேட்டு இரண்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம். தரையில் வண்டி அகலத்துக்கு இரண்டு சுண்ணாம்புக் கோடு. பிளாட்பார விளிம்பில் பழைய டயர்த் துண்டு அடித்து வைப்பது. பின்சக்கரம் முட்டி நிற்பதற்குத் தரையில் நிரந்தரமாகக் கட்டை வைக்கிறவர்களும் உண்டு, ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் பின்நீட்டம் வேறு. ஒரு வண்டிக்குச் சரியாக வைத்த கட்டை, அடுத்த வண்டிக்குப் பாடி பிளாட்பாரத்தில் இடித்த பிறகுதான் சக்கரத்தைத் தொடும். கட்டையைவிடக் கோடு நல்லது.

இன்னொன்று, இதைப் புதியவர்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை. லோடோடு உள்ளே போன வண்டி, லோடு இறங்கியதும் சில அங்குலம் உயர்ந்துவிடும். பட்டை ஸ்பிரிங் நிமிரும், டயரும் உப்பும். உள்ளே வரும்போது ஷெட் பீமில் மயிரிழையில் தப்பித்த கேபின் மேல்கம்பி, வெளியே போகும்போது மாட்டும். தார்ப்பாயைச் சுருட்டிக் கேபின் மேல் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். தாழ்வான ஷெட்டில் இருந்து காலியாக வெளியே வரும்போது, உள்ளே வந்தபோது பார்த்ததைவிடக் கவனமாக மேலே பார். தார்ப்பாயைப் பாடிக்குள் போடு. அவிழ்த்த கயிறுகளைச் சுருட்டிக் கட்டு. தொங்கும் கயிறு பக்கத்து வண்டிக் கொக்கியிலோ பைக் ஹேண்டிலிலோ மாட்டுவது தினமும் நடக்கிறது.

ஏற்காட்டு ரோட்டில்

சிமெண்டும் கம்பியும் மேலே போகும். காபி மூட்டையும் மிளகும் சில்வர் ஓக் மரமும் கீழே வரும். சேலம் அடிவாரத்தில் இருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான வண்டிக்கு இது இடம் இல்லை. ஆறு சக்கரம் போதும், அதற்கும் கனரக வண்டிக் கட்டுப்பாடு அன்று என்ன என்று செக்போஸ்டில் கேட்டுவிட்டு ஏறு. மே மாதக் கோடை விழா நாட்களில் லோடே எடுக்காதே என்றுதான் சொல்வேன்.

இடப்பக்கம் வளையும் ஊசி வளைவு ஏறும்போதுதான் சிரமம். பின்சக்கரம் உள்பக்கச் சுவரில் உரசாமல் இருக்க வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து எடுத்தே ஆக வேண்டும். அதனால் வளைவுக்குக் கீழேயே மேலே ரோட்டைப் பார். மேலே இருந்து பஸ் இறங்குவது தெரிந்தால் கீழேயே நின்றுகொள். இருவரும் கடக்க இடம் இல்லாத மலை ரோட்டில் ஏறும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று சாலை விதி இருக்கிறது. ஆனால் பெங்களூரில் இருந்து முதல் தடவை கார் எடுத்து வந்திருக்கும் குடும்பத்துக்கு அது தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. கிளீனர் முன்னால் இறங்கி நடந்து போய்க் கையைக் காட்டி மேலே நிறுத்தட்டும். கியரை வளைவுக்கு முன்னாலேயே இறக்கிவிடு. பாதி வளைவில் கியர் மாற்றினால் வண்டி நிற்கும், நின்றால் பின்னால் உருளும்.

பின்னால் உருளுவதுதான் மலையில் நடக்கும் சின்ன மோதல்களுக்குப் பெரிய காரணம். சுற்றுலா கார்கள் லாரியின் வாலை ஒட்டி நிற்பார்கள். ஏற்றத்தில் நீ கிளம்பும்போது இரண்டடி பின்னால் வந்தால் கார் பானெட் உன் பம்பருக்குக் கீழே போய்விடும். நிற்கும்போதே ஹேண்ட் பிரேக், கிளட்ச் பிடித்து வண்டி முன்னால் இழுக்கிறது என்று உணர்ந்த பிறகுதான் விடுவது. கிளீனர் பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டு பின்னால் கார்க்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லட்டும். கட்டைக்குப் பதிலாகக் கல்லை வைத்தால், கிளம்பியதும் அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வர வேண்டும். நடுரோட்டில் விட்டுவிட்டுப் போன கல்லில் இரவு பைக்கில் வருகிறவன் விழுவான். இதைச் செய்யாத கிளீனரை நான் வண்டியில் ஏற்ற மாட்டேன்.

எஸ்டேட் வாசல்கள் ஜீப்புக்காகக் கட்டியவை. கருங்கல் தூண், உள்ளே போனதும் உடனே ஒரு வளைவு, இரண்டு பக்கமும் மிளகுக் கொடி ஏறிய மரம். காபி அறுவடை நவம்பரில் தொடங்கும்போது மழை ஈரமும் இருக்கும், மண் ரோட்டின் வெளி ஓரம் கனம் தாங்காது. நடந்து போய்ப் பார். ஓரத்தில் கால் வைத்து மிதித்தால் புதைகிறதென்றால் வண்டி உள்ளே வேண்டாம். எஸ்டேட் டிராக்டரில் மூட்டையை வாசலுக்குக் கொண்டுவரச் சொல். அதற்குக் கூலி கூடும், மேஸ்திரி முகம் சுளிப்பார். பரவாயில்லை. உள்ளே போக முடியாது என்று சொல்லத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு பகுதி. பனி இறங்கியிருந்தால், கிளீனர் கண்ணாடியில் தெரியாத அளவுக்கு இருந்தால், விலகும் வரைக்கும் டீ குடித்துக் காத்திரு.

உரசிவிட்டால்

இவ்வளவுக்கும் பிறகு உரசலாம். உடனே நிறுத்து. வந்த வேகத்தில் முன்னே இழுக்காதே, மாட்டியிருக்கும் இடம் கிழியும். இறங்கிப் பார், போட்டோ எடு, எந்தப் பக்கம் இழுத்தால் விடுபடும் என்று பார்த்த பிறகு ஒரு ஆளை நிறுத்தி எடு. ஆளுக்கு அடிபட்டிருந்தால் வண்டி, லோடு எல்லாம் அப்புறம், முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் போலீஸ். மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவு டிரைவருக்கு விதிக்கும் கடமை அது. நிறுத்தி வைத்த வண்டியை உரசிவிட்டு உரிமையாளர் இல்லையென்றால் பக்கத்துக் கடையில் உன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போ.

முதலாளியிடம் அன்றே சொல். முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு கீறலுக்கும் பேட்டாவில் பிடித்தால் டிரைவர் மறைக்கத்தான் செய்வார், உடைந்த டெயில் லைட்டோடு வண்டி இரவில் ஓடும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சரக்கு வண்டி பாலிசியில் லைட், டயர், மட்கார்டு, பானெட், பம்பர், பெயிண்ட் இதெல்லாம் சேதமானால் சாதாரணமாகப் பணம் வராது. ஐ.எம்.டி. 23 (தாளில் IMT 23) என்ற இணைப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். சந்து உரசலில் போவது பெரும்பாலும் இந்தப் பாகங்கள்தான். சேர்த்திருந்தாலும் ஒரு சின்ன சேதத்துக்காக க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். அது முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி, க்ளெய்ம் இல்லாமல் போனால் 50 சதவீதம் வரைக்கும் ஏறும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்து க்ளெய்ம் போடுவதா கையில் இருந்து போடுவதா என்று முடிவு செய்யுங்கள். பாலிசி புதுப்பிக்கும் தேதி வருவதற்கு முன்னால், அந்தத் தாளில் ஐ.எம்.டி. 23 என்று இருக்கிறதா என்று ஏஜென்டிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.